முதல் அறை எந்த எபிசோடில் விழுகிறது?

“நல்ல க்ரைம் சீரிஸ் ஒண்ணு சொல்லுங்க ப்ரோ” என்று கேட்கிறவர்கள், பதில் வருவதற்குள் அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுகிறார்கள்: “ட்விஸ்ட் இருக்கா?” ஆபீஸ் சாப்பாட்டு மேசை, கல்லூரி நண்பர்களின் வாட்ஸப் குழு, கல்யாண வீட்டுப் பந்தி என்று எங்கே பேச்சு வந்தாலும் அளவுகோல் மாறுவதில்லை. ட்விஸ்ட் இருக்கா, ரேட்டிங் எட்டுக்கு மேலேயா, எத்தனை எபிசோட், தமிழ் டப்பிங் உண்டா. எட்டு மணி நேரமோ பத்து மணி நேரமோ ஒரு கதைக்குள் போய் உட்காரப்போகிறவர் கேட்கும் கேள்விகள் இவ்வளவுதான்.

நான் வேறொரு கேள்வியை முன்வைக்கிறேன். அந்த சீரிஸில் உண்மை எப்படி வெளியே வருகிறது? இன்னும் பச்சையாகக் கேட்டால், முதல் அறை எந்த எபிசோடில் விழுகிறது, அறை வாங்கியவன் அதற்குப் பிறகு சொல்வது உண்மையாக இருக்கிறதா? அடி விழுந்தவுடன் உண்மை கொட்டுகிற சீரிஸ் என்றால், அதன் ஒளிப்பதிவு எவ்வளவு நன்றாக இருந்தாலும், கடைசி எபிசோடில் எவ்வளவு பெரிய திருப்பம் காத்திருந்தாலும், அதைப் பார்க்க வேண்டியதில்லை என்பது என் கட்சி.

“அட, வேலை முடிஞ்சு வந்து ஒரு மணி நேரம் பாக்குறதுக்கு இவ்ளோ ஆராய்ச்சியா?” என்று கேட்பீர்கள். அதற்கு வருகிறேன். அதற்கு முன் ட்விஸ்ட் என்கிற சரக்கு எப்படித் தயாராகிறது என்று பார்த்துவிடலாம்.

எட்டு எபிசோட் கொண்ட ஒரு கொலைக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கொலையாளி யாரென்று கடைசியில்தான் தெரிய வேண்டும். அப்படியென்றால் நடுவில் உள்ள ஆறு எபிசோடுகளுக்குத் தவறான ஆட்கள் வேண்டும். இறந்த பெண்ணின் பழைய காதலன், கடன் கொடுத்தவன், பக்கத்து வீட்டுத் தனிக்கட்டை, ஏற்கெனவே ஒரு கேஸில் உள்ளே போய் வந்தவன். ஒவ்வொருவர் மேலும் சந்தேகத்தைக் கிளப்ப வேண்டும். பிறகு ‘இவர் இல்லை’ என்று உறுதிசெய்து கதையைவிட்டு அனுப்பவும் வேண்டும். கிளப்புவது எளிது, ஒரு ஓரப் பார்வையும் கொஞ்சம் பின்னணி இசையும் போதும். அனுப்புவதுதான் கடினம். ஒருவர் கொலை செய்யவில்லை என்று நிறுவ செல்போன் டவர் பதிவு வேண்டும், சிசிடிவி வேண்டும், அந்த நேரத்தில் அவரை வேறிடத்தில் பார்த்த சாட்சி வேண்டும். இதையெல்லாம் எழுத உழைப்பு வேண்டும். காட்ட நேரமும் வேண்டும்.

சோம்பேறித் திரைக்கதைக்கு இங்கே ஒரு குறுக்குவழி கிடைக்கிறது. அடித்தால் போதும். அடித்ததும் ஒப்புக்கொண்டால் கதை நகரும். அடித்தும் ஒப்புக்கொள்ளாவிட்டால், ஏட்டு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து “இவன் இல்ல சார்” என்பார். அப்படியும் கதை நகரும். இரண்டு வழியிலும் லத்தி உண்மை கண்டறியும் கருவியாக வேலை செய்கிறது. பொய்யன் அடி தாங்காமல் உண்மையைச் சொல்லிவிடுவான், நிரபராதி எவ்வளவு அடித்தாலும் தாங்கிக்கொள்வான் என்ற நம்பிக்கைதான் அந்தக் காட்சிக்கு அடியில் இருக்கிறது. யாரும் அதை வசனமாகச் சொல்வதில்லை. சொன்னால் அதன் அபத்தம் தெரிந்துவிடும்.

தாங்கிக்கொண்ட அந்த ஆளை அடுத்த எபிசோடில் தேடிப் பாருங்கள். இருக்க மாட்டார். அவருக்கு விரல் முறிந்ததா, வேலை போனதா, தெருவில் எப்படித் தலைநிமிர்ந்து நடந்தார், அவர் பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்ன கேட்டுவிட்டு வந்தது என்பதெல்லாம் கதைக்கு வேண்டாதவை. நம்மை இரண்டு எபிசோடுக்கு ஏமாற்ற அவர் தேவைப்பட்டார். தேவை முடிந்தது. ட்விஸ்ட் வேண்டும் என்று நாம் கேட்கும்போது இப்படிப்பட்ட ஆட்கள் நாலைந்து பேரையும் சேர்த்தே கேட்கிறோம்.

இதில் ஓடிடி நிறுவனங்களின் கணக்கும் இருக்கிறது. நெட்ஃப்ளிக்ஸ் 2023 டிசம்பர் முதல் தன் நிகழ்ச்சிகள் எவ்வளவு பார்க்கப்பட்டன என்ற அறிக்கையை வெளியிட்டு வருகிறது. அதில் முதன்மையான அளவு, பார்க்கப்பட்ட மணி நேரம். மென்பொருள் வேலையில் இருக்கும் யாருக்கும் இது தெரியும்: எதை அளக்கிறோமோ அதைத்தான் வளர்ப்போம். மணி நேரத்தை அளப்பவர்களுக்கு ஒவ்வொரு எபிசோட் முடிவிலும் ஒரு கொக்கி வேண்டும். கொக்கியில் மாட்டுவதற்குப் புதிதாக ஒரு சந்தேக நபர் வேண்டும். நாம் பார்த்து முடித்த கையோடு “இதைப் பார்த்தவர்கள் இதையும் பார்த்தார்கள்” என்று அதே அச்சில் வார்த்த இன்னொன்று திரையில் வந்து நிற்கும். தேர்வை அதனிடம் விட்டுவிட்டால் காலத்துக்கும் கொக்கிதான் கிடைக்கும்.

*

போலீஸ் அடிப்பதைப் பற்றிப் பேசினாலே “இதெல்லாம் வெளிநாட்டு மனித உரிமைப் பேச்சு” என்று சொல்லும் ஒரு கூட்டம் உண்டு. அவர்களுக்காக ஒரு தகவல். அடித்து வாங்கிய ஒப்புதல் செல்லாது என்ற சட்டத்தின் வேர்களில் ஒன்று நம் சென்னையில்தான் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரிக்க அமைக்கப்பட்ட ஆணையம் 1855இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. வரி வசூலிக்கவும், குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் கீழ்நிலை ஊழியர்கள் என்னென்ன செய்தார்கள் என்று அதில் பதிவாகியிருக்கிறது. கிட்டி, அண்ணாந்தாள் என்ற தமிழ்ப் பெயர்களே ஆங்கில எழுத்தில் அந்த அறிக்கைக்குள் ஏறின. கட்டைகளுக்கு நடுவே கையையோ விரலையோ வைத்து நெருக்குவது கிட்டி. உடலை வளைத்துக் கட்டி அசையவிடாமல் வைத்திருப்பது அண்ணாந்தாள்.

அடுத்த சில ஆண்டுகளில் வந்த 1861ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டமும், பிறகு 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டமும் ஒரு விஷயத்தைத் தெளிவாக எழுதிவைத்தன. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலை, சொன்னவருக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. சாட்சியச் சட்டத்தில் அது 25ஆம் பிரிவு. போலீஸ் காவலில் இருக்கும்போது சொன்னதும் மாஜிஸ்திரேட் முன்னிலையில் சொன்னதாக இல்லாவிட்டால் செல்லாது, அது 26. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும், அது 27. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தில் இவை மூன்றும் 23ஆம் பிரிவுக்குள் வந்துவிட்டன.

அதாவது, ஆங்கிலேய அரசே தன் போலீஸ்காரரை நம்பவில்லை. நம் சீரிஸ்கள் நம்புகின்றன. “எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான் சார்” என்ற வசனத்தோடு இசை உச்சத்துக்குப் போய்க் கதை முடிகிறது. உண்மையில் ஒரு வழக்கு அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஒத்துக்கொண்டதை வைத்து நீதிமன்றத்தில் ஒன்றும் செய்ய முடியாது. கத்தி எங்கே கிடைத்தது, அதைக் கண்டெடுக்கும்போது யார் இருந்தார்கள், மகஜரில் யார் கையெழுத்து போட்டார்கள் என்பதில்தான் வழக்கு நிற்கும் அல்லது விழும். உண்மையான பதற்றம் இருக்கும் இந்த இடத்தை, பதற்றத்தை விற்றுப் பிழைக்கும் சீரிஸ்கள் தொடுவதில்லை.

தினசரியைத் திறந்தால் நிலைமை இன்னும் மோசம். “கிடுக்கிப்பிடி விசாரணையில் உண்மையைக் கக்கினார்”, “போலீசாரிடம் அளித்த பரபரப்பு வாக்குமூலம்” என்று கொட்டை எழுத்தில் வருகிறது. நீதிமன்றம் தொடாத வாக்குமூலத்தை நாம் காப்பியோடு சேர்த்து விழுங்குகிறோம். கைதானவர் காவல் நிலையக் கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்தது என்று செய்தி வரும், மாவுக்கட்டோடு புகைப்படமும் வரும். அதன் கீழே சிரிப்புப் பொம்மைகள் குவியும். யாரும் வழுக்கி விழவில்லை என்று சிரிப்பவர் எல்லோருக்கும் தெரியும். அதுதான் அந்தச் சிரிப்பின் பொருளே. இந்தச் சிரிப்பைப் பழக்கியதில் சினிமாவுக்குப் பெரிய பங்குண்டு. இப்போது அந்த வேலையை சீரிஸ்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் செத்துப்போனார்கள். அவர்கள் தரையில் உருண்டதால் ஊமைக்காயம் பட்டதாக எஃப்.ஐ.ஆரில் எழுதப்பட்டிருந்தது. 2025 ஜூனில் மடப்புரம் கோயிலில் காவலாளியாக இருந்த இளைஞர், காரில் இருந்த நகை காணாமல்போன புகாரில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டார், அவரும் செத்துப்போனார். நகையை எங்கே வைத்தாய் என்பதுதான் அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி. ஒரு சீரிஸில் இது மூன்றாவது எபிசோடில் வரும் முதல் சந்தேக நபரின் காட்சி. நாம் தாண்டிப் போயிருப்போம்.

*

என் தொழிலில் இதற்கு ஓர் இணை உண்டு. ஒரு நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கச் சோதனை எழுதுவோம். நிரல் தவறான விடை தருகிறது, சோதனை தோற்கிறது. காரணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒரு வழி. சோதனை எந்த விடையை எதிர்பார்க்கிறதோ அதையே நிரலுக்குள் நேராக எழுதிவைத்துவிடுவது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் உடனே பச்சை விளக்கு எரியும், மேலாளரும் மகிழ்வார். கோளாறு மட்டும் உள்ளேயே இருக்கும். அடித்து வாங்கும் வாக்குமூலமும் இதே ரகம். கேட்பவர் மனதில் ஏற்கெனவே இருக்கும் விடைதான் எதிரில் இருப்பவர் வாயிலிருந்து திரும்பி வருகிறது. கேஸ் முடிந்தது. கொலை செய்தவன் வெளியே டீ குடித்துக்கொண்டிருக்கிறான்.

இதைப் புரிந்துகொண்ட சீரிஸ்களும் இருக்கின்றன. அவை சலிப்பூட்டுவதுமில்லை.

1993இல் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் ஆரம்பித்த ‘ஹோமிசைட்: லைஃப் ஆன் தி ஸ்ட்ரீட்’ தொடரின் முதல் சீசனில் ‘த்ரீ மென் அண்ட் அடீனா’ என்று ஓர் எபிசோட் வருகிறது. டாம் ஃபொன்டானா எழுதியது; அதற்காக எம்மி விருது வாங்கினார். ஏறக்குறைய முழு எபிசோடும் ஒரே அறைக்குள் நடக்கிறது. பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியைக் கொன்றதாகச் சந்தேகிக்கப்படும், குதிரை வண்டியில் பழம் விற்கும் ஒரு முதியவர். அவர் எதிரில் இரண்டு துப்பறிவாளர்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அவரை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். கெஞ்சுகிறார்கள், மிரட்டுகிறார்கள், நண்பர்கள்போல நடிக்கிறார்கள். கிழவர் தன்னைப் பற்றிப் பேசுகிறார், அவர்களைப் பற்றியும் பேசுகிறார். கொலையை ஒப்புக்கொள்ளவில்லை. முடிவில், அவர்தான் கொன்றார் என்று உறுதியாக இருந்த பெய்லிஸுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது; சந்தேகப்பட்ட பெம்பில்டனுக்கு உறுதி வந்துவிடுகிறது. அந்த வழக்கு தொடர் முழுக்கத் தீரவே இல்லை. ட்விஸ்ட் என்று ஒன்றும் கிடையாது. ஆனால் அதைப் பார்த்தவர் யாரும் ‘விசாரணை’ என்ற சொல்லைப் பழையபடி பயன்படுத்த முடியாது.

பிரிட்டன் சீரிஸ்களில் விசாரணை அறைக் காட்சிகள் ஏன் வேறு மாதிரி இருக்கின்றன என்று கவனித்திருக்கிறீர்களா? ஒலிப்பதிவுக் கருவியின் நீண்ட ‘பீப்’, பக்கத்தில் வழக்கறிஞர், எதைக் கேட்டாலும் ‘நோ கமென்ட்’. இது எழுத்தாளரின் ரசனை மட்டும் அல்ல. 1972இல் லண்டனில் மேக்ஸ்வெல் கான்ஃபெய்ட் என்பவர் கொல்லப்பட்ட வழக்கில் மூன்று பேர், அதில் இருவர் பதினாறு வயதுகூட நிரம்பாதவர்கள், பொய்யான ஒப்புதலின் பேரில் தண்டிக்கப்பட்டார்கள். 1975இல் தண்டனை ரத்தானது. அதைத் தொடர்ந்து எழுந்த விசாரணைகளின் விளைவுகளில் ஒன்றுதான் 1984ஆம் ஆண்டின் காவல்துறை மற்றும் குற்றச் சாட்சியச் சட்டம். அதற்குப் பிறகு விசாரணை என்றால் ஒலிப்பதிவு, வழக்கறிஞர், நேர வரம்பு என்று ஆனது. அடிக்க முடியாத அறையில் கதை எழுத வேண்டிய கட்டாயம் எழுத்தாளர்களுக்கு வந்தது. அதிலிருந்துதான் ‘லைன் ஆஃப் டியூட்டி’ மாதிரியான தொடர் பிறக்கிறது. அதில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து கோப்பைப் புரட்டிக்கொண்டே இருபது நிமிடத்துக்கு மேல் பேசுகிறார்கள், நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம். நெட்ஃப்ளிக்ஸின் ‘கிரிமினல்’ (2019) இன்னும் ஒரு படி மேலே. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின் என்று நாட்டுக்கு மூன்றாகப் பன்னிரண்டு எபிசோடுகள். விசாரணை அறையையும் அதை ஒட்டிய தாழ்வாரத்தையும் விட்டு வெளியே போவதே இல்லை.

கைநீட்டாமலும் பொய்யை வாங்கலாம் என்பதை ‘அன்பிலீவபிள்’ (2019) காட்டுகிறது. எட்டு எபிசோட், நிஜ வழக்கு. புலிட்சர் பரிசு பெற்ற ஒரு பத்திரிகைக் கட்டுரையிலிருந்து எழுந்தது. 2008இல் வாஷிங்டன் மாநிலத்தில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி தான் வன்புணரப்பட்டதாகப் புகார் கொடுக்கிறாள். இரண்டு ஆண் அதிகாரிகள் அவளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறார்கள். சொல்லுக்குச் சொல் முரண்பாட்டைத் தேடுகிறார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. அவள் களைத்துப்போய், “நான் பொய் சொன்னேன்” என்று எழுதிக் கொடுத்துவிடுகிறாள். பொய்ப் புகார் கொடுத்ததாக அவள் மேலேயே வழக்கு பாய்கிறது. மூன்றாண்டுகள் கழித்து வேறொரு மாநிலத்தில் இரண்டு பெண் அதிகாரிகள் ஒரு தொடர் குற்றவாளியைப் பிடிக்கும்போது, அவனிடம் இந்தப் பெண்ணின் புகைப்படமும் கிடைக்கிறது. அந்தப் பெண் அதிகாரிகளில் ஒருவர் முதல் எபிசோடுகளிலேயே பாதிக்கப்பட்ட இன்னொரு பெண்ணிடம் கேள்வி கேட்கும் காட்சி இருக்கிறது. எங்கே உட்கார்ந்து பேசலாம் என்பதையே அந்தப் பெண்ணின் விருப்பத்துக்கு விடுகிறார். ஒரே நாட்டுப் போலீஸ், ஒரே வகைக் குற்றம், கேட்கும் விதம் மட்டும் வேறு. ஒன்றில் பொய் வருகிறது, மற்றதில் உண்மை வருகிறது. துப்பறிதல் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் என் கண்ணில் படவில்லை.

ஏவா டுவெர்னேயின் ‘வென் தே ஸீ அஸ்’ (2019) நான்கே பாகம். 1989இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நடந்த வன்புணர்வு வழக்கில் பதினான்கிலிருந்து பதினாறு வயதுக்குட்பட்ட ஐந்து பையன்கள் மாட்டிக்கொண்ட கதை. மணிக்கணக்கில் தூங்கவிடாமல் கேட்டு, ஒருவன் மேல் இன்னொருவனைச் சொல்லவைக்கிறார்கள். டிஎன்ஏ யாரோடும் பொருந்தவில்லை. ஆனாலும் தண்டனை. 2002இல் சிறையில் இருந்த இன்னொருவன் தானே முன்வந்து சொன்னான். அவனுடைய டிஎன்ஏ பொருந்தியது. இதில் ‘யார் செய்தது’ என்ற ரகசியம் எதுவும் இல்லை, இணையத்தில் ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். ட்விஸ்ட் கேட்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

*

“நம்ம ஊர் போலீஸ் அடிக்கத்தான செய்யுது? அத அப்படியே காட்டுனா அதுதான யதார்த்தம்?” இது நியாயமான எதிர்வாதம். அடியைக் காட்டக்கூடாது என்று நான் சொல்லவே இல்லை. வெற்றிமாறனின் ‘விசாரணை’யில் (2015) விழும் அடி, மற்றப் படங்கள் பத்தைச் சேர்த்தாலும் வராது. அது சீரிஸ் இல்லை, இரண்டு மணி நேரப் படம். ஆனால் என் அளவுகோலை அதைவிடத் தெளிவாக விளக்கும் உதாரணம் தமிழில் இல்லை. அங்கே அடிக்கிறவர்களுக்கு ஒரு கேஸை முடித்தாக வேண்டும், அவ்வளவுதான். அடியிலிருந்து ஓர் உண்மைகூட வெளிவருவதில்லை. காட்டுவது வேறு, பரிசளிப்பது வேறு. அறைந்தவுடன் சரியான முகவரி கிடைத்தால், கதை அந்த அறைக்குப் பரிசு கொடுத்துவிட்டது என்று பொருள்.

இந்த அளவுகோலோடு நம் நாட்டுச் சீரிஸ்களுக்கு வருவோம். ‘பாதாள் லோக்’ (2020) முதல் சீசனில் ஹாத்திராம் சௌத்ரியும் கை ஓங்குகிறவர்தான். ஆனால் பிடிபட்ட நான்கு பேரும் எங்கிருந்து வந்தார்கள் என்று கதை பின்னோக்கிப் போகிறது. வழக்கை எடுத்துக்கொண்ட சிபிஐ அதைப் பாகிஸ்தான் உளவுத்துறையின் சதி என்று அறிவிக்கும்போது, அது எவ்வளவு பெரிய புனைவு என்று நமக்குத் தெரிந்திருக்கிறது. போலீஸ் சொல்லும் கதையை நம்பாதே என்று சொல்லித்தரும் போலீஸ் சீரிஸ் அது. பஞ்சாபில் நடக்கும் ‘கோஹ்ரா’ (2023), ஸ்டேஷனில் ஓங்கும் கை வீட்டுக்குப் போய் மகளிடம் என்ன செய்கிறது என்று காட்டுகிறது. ‘டெல்லி க்ரைம்’ 2020இல் சர்வதேச எம்மி வாங்கியது; நடிப்பும் நேர்த்தியும் மறுக்க முடியாதவை. ஆனால் அது 2012ஆம் ஆண்டு வழக்கை முழுக்கக் காவல்துறையின் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறது. நம்மையும் அதே நாற்காலியில் உட்கார வைக்கிறது என்பதை மறக்காமல் பார்க்க வேண்டும்.

தமிழில் ‘சுழல்’, ‘விலங்கு’, ‘வதந்தி’ மூன்றும் 2022இல் வந்தன. ‘வதந்தி’யை நான் முதலில் வைப்பேன். இறந்துபோன பெண்ணைப் பற்றி ஊரும் பத்திரிகையும் கட்டும் கதைகள்தான் அதன் பொருள். உண்மையைத் தேடுவதற்கு முன் பொய்யைக் களைய வேண்டியிருக்கிறது என்று அதற்குத் தெரிகிறது. ‘சுழல்’ முதல் சீசனில் விசாரிக்கிறவர்களின் வீடே விசாரணைக்குள் வந்துவிடுவது நல்ல முடிச்சு. ‘விலங்கு’ ஒரு ஸ்டேஷனின் அன்றாடத்தை இந்த மூன்றில் நெருக்கமாகக் காட்டியது. அதே காரணத்தால் அதில் அடியும் அன்றாட அலுவலாகவே வருகிறது. அந்தக் காட்சிகளில் கதை அடிக்கிறவர் பக்கம் நிற்கிறதா, விலகி நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டே பாருங்கள். படக்குழு என்ன நினைத்தது என்பதைவிட, அறை விழும்போது உங்கள் வீட்டுக் கூடத்தில் யார் கைதட்டினார்கள் என்பது முக்கியமான தகவல்.

இனி அந்த முதல் ஆட்சேபம். “எல்லாம் பொழுதுபோக்குதானே, யார் இதைப் பார்த்துப் போலீஸ் ஆகப்போகிறார்கள்?” ஆகிறார்கள். ‘24’ என்ற அமெரிக்கத் தொடர் 2001இல் ஆரம்பித்தது. நகரத்தில் எங்கோ குண்டு, நேரம் ஓடுகிறது, ஜாக் பாவர் யாரையாவது வதைத்து உண்மையை வாங்குவார். முதல் ஐந்து சீசன்களில் 67 வதைக் காட்சிகள் என்று ஒரு தொலைக்காட்சிக் கண்காணிப்பு அமைப்பு எண்ணிச் சொன்னது. 2006 நவம்பரில் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் டீன் பேட்ரிக் ஃபின்னகன், அனுபவமுள்ள விசாரணையாளர்களை அழைத்துக்கொண்டு கலிஃபோர்னியா போய் அந்தத் தொடரின் குழுவைச் சந்தித்தார். வதை பலன் தராது, நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். போர் விதிகளைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர். மாணவர்கள் அந்தத் தொடரைப் பார்த்துவிட்டு வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார்கள். ராணுவத் தளபதி ஒருவர் விமானம் ஏறிப் போய்க் கெஞ்ச வேண்டிய அளவுக்குப் பொழுதுபோக்குக்குச் சக்தி இருக்கிறது.

நம் ஊரிலும் இது தெரியாததல்ல. சாத்தான்குளம் நடந்த அதே மாதம், ‘சாமி’யும் ‘சிங்க’மும் எடுத்த இயக்குநர் ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வருந்துவதாக அறிக்கை விட்டார். எடுத்தவருக்கே உறுத்தியது. பார்த்துக் கைதட்டியவர்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

*

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? முதல் இரண்டு எபிசோடுகள் போதும். அதற்குள் ஒரு விசாரணைக் காட்சி நிச்சயம் வந்துவிடும். அங்கே மூன்று விஷயங்களைப் பார்க்கிறேன்.

ஒன்று, அந்த அறையில் என்னென்ன இருக்கிறது. வழக்கறிஞர், கேமரா, எழுதிக்கொள்ளும் ஆள், குறைந்தபட்சம் ஒரு கடிகாரம். எல்லாக் காவல் நிலையங்களிலும், விசாரணை அறைகளிலும், ஒலியோடு கூடிய கண்காணிப்புக் கேமரா பொருத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. தற்காலத்தில் நடக்கும் இந்தியக் கதையில் அந்தக் கேமரா இல்லையென்றால், ஏன் இல்லை என்று கதைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கழற்றி வைத்தவர் யார் என்பதே நல்ல எபிசோடாகும்.

இரண்டு, அடி விழுந்தால், அதற்குப் பிறகு வரும் தகவல் சரியா தவறா. சரியென்றால் ரிமோட்டை எடுத்துவிடலாம்.

மூன்று, தவறாகச் சந்தேகிக்கப்பட்டவர் திரும்ப வருகிறாரா. இதுதான் எனக்கு முக்கியமானது. ‘ப்ராட்சர்ச்’ (2013) முதல் சீசனில் பேப்பர் கடை வைத்திருக்கும் ஒரு முதியவர் மேல் ஊருக்கும் பத்திரிகைக்கும் சந்தேகம் வருகிறது. வேறொரு சீரிஸாக இருந்தால் அவர் இரண்டு எபிசோடுக்கான தீனி. இங்கே அவர் அந்தப் பழியைத் தாங்க முடியாமல் உயிரை விடுகிறார். அவருடைய இறுதிச் சடங்கில் ஊரே தலைகுனிந்து நிற்பதைக் கதை காட்டுகிறது. ‘தி நைட் ஆஃப்’ (2016) எட்டு எபிசோடும் அந்த ஒரு சந்தேக நபருடனேயே இருக்கிறது. நியூயார்க்கில் பாகிஸ்தானிய டாக்ஸி ஓட்டுநரின் மகன். அப்பாவின் டாக்ஸியைப் போலீஸ் சாட்சியப் பொருளாக எடுத்துக்கொள்கிறது. டாக்ஸி போனதும் வருமானம் போகிறது. பையன் சிறையில் தலையை மழித்து, பச்சை குத்தி, வேறொருவனாக ஆகிறான். கடைசியில் வீட்டுக்கு வருகிறான். வந்தவன் போனவன் இல்லை. அவன் குற்றவாளியா இல்லையா என்ற கேள்வி, அவனுக்கு நடந்ததற்கு முன் சின்னதாகிவிடுகிறது.

இந்த வார இறுதிக்கு ஒன்று மட்டும் சொல் என்றால் ‘அன்பிலீவபிள்’ என்பேன். இந்தியாவிலேயே வேண்டும் என்றால் ‘பாதாள் லோக்’, தமிழிலேயே வேண்டும் என்றால் ‘வதந்தி’. பிரிட்டன் சீரிஸ்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே அறை சுத்தமாக இருக்கிறது, எல்லோரும் விதிப்படி பேசுகிறார்கள்; போலீஸ் என்றாலே அப்படித்தான் என்ற மயக்கம் வந்துவிடும். அந்த நாடு பல அப்பாவிகளைப் பல ஆண்டுகள் சிறையில் வைத்திருந்து படித்த பாடம் அது. நம் எழுத்தாளர்கள் அந்த மேசையையும் ஒலிப்பதிவுக் கருவியையும் அப்படியே தூக்கிவந்து வேம்பாரிலோ வேலூரிலோ போட்டால் அது இன்னொரு பொய்யாகத்தான் இருக்கும். நம் ஸ்டேஷனில் இருக்கும் ரைட்டர், அவர் எழுதும் எஃப்.ஐ.ஆர்., அதில் அவர் விட்டுவிடச் சொல்லப்படும் ஒரு வரி, அதை எழுதுவதா வேண்டாமா என்று பேனாவோடு அவர் உட்கார்ந்திருக்கும் இரவு. இதை எட்டு எபிசோடுக்கு எழுத ஆள் வேண்டும். அப்படி ஒன்று வந்தால் ட்விஸ்ட் இருக்கா என்று யாரும் கேட்காமல் பார்க்க வேண்டும்.